பேனரில் ஒரு காலி வட்டம்

1

என் தங்கச்சி வசந்தா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புலிவனத்தில் இருந்து போன் பண்ணினாள். இங்கே மத்தியானம், அங்கே விளக்கு வைக்கிற நேரம். அவள் பெண் பெரியவளாகிவிட்டாள். அடுத்த முகூர்த்தத்தில் மஞ்சள் நீராட்டு விழா. நான் தாய்மாமன். சீர்வரிசைத் தட்டை அயர்லாந்தில் இருந்து தூக்கிக்கொண்டு போக முடியுமா? லீவு கேட்டும் கிடைக்கவில்லை.

“தட்டெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணா. நீ பேனரு போட்டுக் குடு, அது போதும். உத்திரமேரூருல இன்னிக்கும் உன் டிசைனைத்தான் சொல்லிக்கினு கீறாங்க. பாப்பா ஃபோட்டோ அனுப்பிக்கீறேன் பாரு, நடுவுல நல்லா பெருசா வெச்சிடு.”

“சரிம்மா.”

“மேல உன் ஃபோட்டோ. மீசை வெச்சிக்கினு கும்புட்ற மாதிரி ஒண்ணு கீதே, அது. இப்ப கீற மூஞ்சி வாணாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்தவன் மாதிரி கீற.”

சாமி கும்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். மூலையில் சின்னதாகப் பிள்ளையார் சுழி போட்டேன். வெப்சைட் செய்தாலும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கம்ப்யூட்டரில் கோடிங் எழுதும்போது முதல் வரியில், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு ‘உ’ எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். என் மூஞ்சியை மேலே வைத்தேன். வசந்தா வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவர்களை வரிசையாக வைத்தேன். நடுவில் பெரிய வட்டம் போட்டேன். பாப்பாவின் படத்தை அதற்குள் இழுக்கப் போனேன். கை போகவில்லை.

காரணம், இந்த ஊரில் ஒரு பெண்மணியின் மூஞ்சியை நான் இப்படித்தான் மரியாதைக்காக ஒரு வட்டத்துக்குள் வைத்தேன். அதனால் அவங்க குடியிருக்கிற வீட்டையே விட்டு ஓட வேண்டிய நிலைமை வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவங்க பேரையும், எந்த நாட்டுக்காரங்க என்பதையும், நான் இருக்கிற ஊரின் பேரையும் எழுத மாட்டேன். அக்கா என்று மட்டும் எழுதுகிறேன்.

2

அதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்ல வேண்டும். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. படம் போட மட்டும் கை வரும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக உட்கார்ந்தேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்த நாள் என்று எல்லாமே என் கைவழியாகத்தான் போகும்.

எங்கள் தொழிலில் காலி இடம் என்பது குற்றம். சதுர அடிக்குக் காசு வாங்குகிறோம். ஒரு விரற்கடை வெறுமனே இருந்தாலும் கஸ்டமர் கையை வைத்துக் காட்டுவார். “இங்க இன்னா சும்மா கீது? நம்ப சித்தப்பா பையனைப் போடு.” சித்தப்பா பையனைப் போட்டால் அவன் சிநேகிதன் வருவான். இடம் பத்தாமல் போனால் பூவைக் குறைப்போமே தவிர ஆளைக் குறைக்க முடியாது.

ஒரு தடவை ஆளைக் குறைத்துவிட்டேன். திருமுக்கூடலில் ஒரு காதுகுத்து. குழந்தையின் சின்ன தாய்மாமன் படம் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவரை விட்டுவிட்டு அச்சுக்குப் போய்விட்டது. காதுகுத்து அன்றைக்குக் காலையில் அந்த மாமன் சீர்த் தட்டோடு வந்து பேனரை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாராம். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நான் செத்துட்டன்னு நெனச்சிக்கினீங்களா? செத்தவனுக்குக்கூட பேனரு வெக்கிறீங்களேடா!”

ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், குழந்தை மொட்டைத் தலையோடு அழுகிறது, மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் காது குத்துவது? எனக்குப் போன் வந்தது. அவர் மூஞ்சியைத் தனியாக அச்சடித்து, வண்டியில் போய், ஏணி போட்டு ஏறி ஒட்டினேன். ஒரு அமைச்சரின் வயிற்றை மறைத்துக்கொண்டு மாமன் சிரித்தார். பிறகுதான் எழுந்து மடியைக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு மனதில் ஊறிப்போனது ஒன்றுதான். எவரை விட்டாலும் அது அவமானம். மூஞ்சியைப் போடுவதுதான் மரியாதை.

3

என் வீட்டுக்காரம்மா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்து வந்தாள். பின்னாலேயே நானும் மகளும் வந்தோம். முதலில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அப்புறம் வேலை தேடுகிறவர்களுக்கு இலவசமாக வெப் டிசைன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள்தான் பேர் கொடுத்தாள்.

நேர்காணலில் ஒரு அம்மா என் பழைய வேலைகளைக் கேட்டார். போனில் இருந்த பேனர் படங்களைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “இவங்க எல்லாரும் தேர்தல்ல நிக்கிறாங்களா?” என்றார்.

“இல்லம்மா. அந்தக் குழந்தைக்குக் காது குத்துறாங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

முதல் பாடமாக ஒரு காபிக் கடைக்கு வெப்சைட் செய்யச் சொன்னார்கள். நான் விடுவேனா? தங்க பார்டர், சூரியக் கதிர், எழுத்துக்கு நிழல், ஓடுகிற வரியில் ‘வருக வருக’, நாலு மூலையிலும் பூ. மேலே கடை முதலாளி கைகூப்பிக்கொண்டு. சொல்லிக்கொடுத்தவர் என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகக் கேட்டார்.

“காபி எங்கே?”

தேடினேன். எனக்கே கிடைக்கவில்லை.

ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். எடுக்க எடுக்க, அலங்காரம் பண்ணின சாமி கழுத்தில் இருந்து நகையைக் கழற்றுகிற மாதிரி எனக்குப் பதறியது. கடைசியில் ஒரு கோப்பை, ஒரு பேர், சுற்றிலும் வெள்ளை. “நல்லாருக்கு” என்றார் அவர். எனக்கு அது கடன்காரன் வீடு மாதிரி வெறிச்சென்று தெரிந்தது.

அந்த வாரம் பஸ்ஸில் வரும்போது எங்கள் ஊர் சிவன் கோயில் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே கோபுரம் இருக்கிற கோயில்களையும் யோசித்துப் பார்த்தேன். கோபுரத்தில் கை வைக்க இடம் இருக்காது, அத்தனை பொம்மை. உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பிரகாரத்தில் கொஞ்சம், மண்டபத்தில் இன்னும் கொஞ்சம். கருவறையில் என்ன இருக்கிறது? இருட்டு. ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு எதிரில்தான் கண் போய் நிற்கிறது, அங்கேதான் கண்ணில் தண்ணீர் வருகிறது. இத்தனை வருஷம் நான் செய்தது கோபுர வேலை. இப்போது உள்வேலை கற்றுக்கொள்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் வெள்ளையைப் பார்த்துப் பயம் வரவில்லை. ஆனால் மூஞ்சி விஷயத்தில் மட்டும் பழைய பாடம் அப்படியே இருந்தது.

4

படிப்பு முடிந்து சின்னச் சின்ன வேலைகள் வந்தன. இந்த ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற நோரா அம்மா ஒரு நாள், “வாரம் ஒரு சாயங்காலம் இங்கே வந்து மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீங்களா?” என்றார். எனக்கா? என் இங்கிலீஷுக்கா? மகள்தான் சிரித்தாள். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றாள். ஊரில் என்னை நைனா என்று கூப்பிட்டவள் இங்கே டாட் என்கிறாள். பயந்தால் மட்டும் நைனா.

“டாட், நீ பேசினா அவங்களுக்குப் புரியாது. அவங்க பேசினா உனக்குப் புரியாது. கிளாஸ் சூப்பரா இருக்கும்.”

திருப்புலிவனம் கோயிலில் தட்சிணாமூர்த்தி விசேஷம். வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை சாத்தக் கூட்டம் வரும். வாயைத் திறக்காமலேயே பாடம் சொன்ன சாமி. நீதான் துணை என்று அவரை நினைத்துக்கொண்டு போனேன். பேசுவதைக் குறைத்துக்கொண்டு செய்து காட்டினேன். ஒரு எழுத்தைப் பெரிதாக்குவேன், திரும்பிப் பார்ப்பேன். சின்னதாக்குவேன், திரும்பிப் பார்ப்பேன். எது நன்றாக இருக்கிறது என்று அவர்களே கத்துவார்கள்.

பாட் என்று ஒரு வயதானவர், செம்மறி ஆடு வளர்க்கிறவர். ஆட்டுக்குத்தான் வெப்சைட் வேண்டுமாம். “என் ஆடுங்க என்னைவிட அழகு, அதுங்களைப் போடு” என்பார். இன்னும் சிலர் வந்தார்கள். கடைசி வரிசையில் கதவுப் பக்கமாக அக்கா உட்காருவாங்க. வீட்டில் கேக் செய்து விற்கிறாங்க, அதற்கு ஒரு பக்கம் வேண்டும். அவங்களும் வேற நாட்டில் இருந்து வந்தவங்கதான், என்னைவிட இங்கிலீஷ் கொஞ்சம் தேவலை. கை சுத்தம். வண்ணம் சேர்க்கிறதில் அப்படி ஒரு கண். நான் வாயால் சொல்லத் தெரியாமல் திணறினால், அவங்க புரிந்துகொண்டு மத்தவங்களுக்குச் சொல்லுவாங்க. சிரிக்க மாட்டாங்க. ஒரே ஒரு நாள், இரண்டு நிறம் நன்றாக அமைந்துவிட்டதைப் பார்த்துத் தனக்குத் தானே சிரித்தாங்க.

அந்தச் சிரிப்பைத்தான் நான் போனில் படம் எடுத்தேன்.

5

ஏன் எடுத்தேன் என்றால், அன்றைக்கு வகுப்பு முழுக்கக் கூட்டமாக ஒரு படம் எடுத்தோம். அக்கா டீக் கோப்பை கழுவுகிறேன் என்று எழுந்து போய்விட்டாங்க. எனக்குத் திருமுக்கூடல் மாமன் ஞாபகம்தான். அய்யோ, இவங்க விட்டுப்போனால் மனசு நோகுமே. கூச்சப்படுறாங்க போலிருக்கு, நாமே ஒன்று எடுத்து வைத்துக்கொள்வோம் என்று எடுத்தேன்.

அடுத்த வகுப்புக்குள் யாருக்கும் சொல்லாமல், வகுப்புக்கென்று ஒரு வெப்சைட் செய்தேன். ஆளுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூஞ்சி, கீழே பேர். வயதில் மூத்தவர் என்று பாட் படத்தை மேலே வைத்தேன். எனக்கு ரொம்ப உதவி பண்ணினவங்க என்று அக்காவை நடுவில், எல்லாரையும்விடப் பெரிதாக வைத்தேன். வகுப்பு அன்றைக்கு மத்தியானமே இணையத்தில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் நூலகத்துத் திரையில் போட்டேன்.

ஒரே கைதட்டல். பாட் தொப்பியைக் கழற்றினார். “என்னைப் பிரதமர் ஆக்கிட்டியேப்பா!” என்று போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்.

அக்கா எழுந்து நின்றாங்க. மழைக்கோட்டைக் கையில் எடுத்திருந்தாங்க. மெதுவாகக் கேட்டாங்க. “இதை யார் யார் பார்க்கலாம்?”

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். “உலகமே பார்க்கலாம்!”

அவங்க முகத்தில் ரத்தம் இல்லை. வெளியே போய்விட்டாங்க. நான் சந்தோஷத்தில் அழப் போறாங்க என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா?

நோரா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது. பொதுவா ஒண்ணு சொல்றேன். யார் கண்ணிலும் படாம இருக்கணும்னே இந்த ஊருக்கு வந்தவங்களும் உண்டு. தேடிக்கிட்டு ஒரு ஆள் இருப்பான். இப்பவே இறக்குங்க.”

இறக்கினேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் வீட்டுக்காரம்மாவுக்கு அரை வார்த்தையிலேயே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்படி வருகிறவர்களை அவள் பார்க்கிறாள். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

“கும்புட்டது போதும். சாமியா வந்து அழிக்கும்? அது எங்கெங்க போச்சின்னு பாரு, போ” என்றாள்.

6

ஊரில் பேனர் என்றால் விழா முடிந்ததும் கழற்றிவிடுவோம். மாட்டுக்கொட்டகைக்கு மேலே போடுவார்கள், வைக்கோல் மூடுவார்கள். நான் வரைந்த தலைவர்கள் எத்தனை பேர் ஆட்டுப்பட்டிக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வெயிலில் வெளுத்து மூஞ்சி தானாகப் போய்விடும். இணையத்தில் ஏற்றினது வெளுக்காது.

பாட் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனுக்கு அனுப்பியிருந்தார். எதற்கு என்று கேட்காமல் அவனை எழுப்பி அழிக்க வைத்தார். மனுஷர்களிடம் முடிந்துவிட்டது. மெஷின் இருக்கிறதே! இணையத்தில் தேடினால் ஓரமாக அந்தப் படத்தின் குட்டிப் பிரதி ஒன்று வந்தது. அதை நீக்கச் சொல்லிக் கேட்டால், படத்தில் இருப்பது நீங்களா என்கிறது. இல்லை. அப்படியானால் படத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும், அடையாள அட்டையோடு. மூஞ்சியை மறைக்க வேண்டுமென்றால் மூஞ்சி உள்ள அட்டையைக் கொடுக்க வேண்டுமாம். இந்த மாதிரிப் புகாரைக் கேட்கிற ஒரு அரசு அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். என் இங்கிலீஷில் ‘அந்தப் பெண்ணின் முகத்தை எடுத்துவிடுங்கள்’ என்றேன். எதிர்முனையில் இருந்தவர் பயந்துபோய் மேலதிகாரியைக் கூப்பிட்டார். என் மகள் போனைப் பிடுங்கிப் பேசினாள். அடையாளம் எதுவும் தராமலே எப்படிக் கேட்பது என்று அவள்தான் கண்டுபிடித்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “அவங்களுக்கு எதுவும் ஆகாது இல்ல, நைனா?” என்றாள்.

சில நாளில் அந்தக் குட்டிப் படமும் போனது. அக்கா வகுப்புக்கு வரவில்லை. வீட்டைக் காலி பண்ணப் போகிறாங்க என்று காதில் விழுந்தது. அவங்க பிள்ளையின் பள்ளிக்கூடம், கேக் வாங்குகிற வீடுகள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி வேற ஊர். ஒரு வட்டம் போட்ட வினை. ஒவ்வொரு வியாழனும் விளக்கேற்றி ஒரே வேண்டுதல்தான்: அவங்க இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

மத்தவர்கள் வகுப்புக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை ஒவ்வொருவரையும் கேட்டேன். வட்டத்துக்குள் என்ன வேண்டுமோ அவரவரே கொடுக்கட்டும். பாட் ஆடு கொடுத்தார். ஒருவர் தன் சைக்கிள். அக்காவுக்கென்று வைத்த நடு வட்டம் காலியாக இருந்தது. நோரா அம்மா பார்த்துவிட்டு, “படம் வராமல் கெட்டுப்போன மாதிரி தெரியுதே, எடுத்துடலாமே?” என்றார். எடுக்கப் போனேன், மனசு வரவில்லை. எடுத்தால் அவங்க வகுப்பிலேயே இல்லை என்று ஆகிவிடும். இணையத்தில் ஏற்றாமல் அப்படியே வைத்திருந்தேன்.

ஒரு மழை நாள், எல்லோரும் போன பிறகு அக்கா வந்து கதவோரம் நின்றாங்க. என்ன சொல்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். லேப்டாப்பில் நெட் வயரைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்தியிருப்பதைக் காட்டிவிட்டு, பக்கத்தைத் திறந்தேன். அவங்க ஆட்டைப் பார்த்தாங்க, சைக்கிளைப் பார்த்தாங்க. நடு வட்டத்தில் விரலை வைத்தாங்க.

“இது நான்தானே?”

“ஆமாம்க்கா. வேண்டாம்னா எடுத்துடறேன்.”

“வேண்டாம். இப்படியே இருக்கட்டும். எல்லாரும் இருக்காங்க, நானும் இருக்கேன். ஆனா யாரும் என்னைப் பார்க்க முடியாது.” விரலை எடுத்துவிட்டு, “நாங்க போகலை. இங்கேயேதான் இருக்கோம்” என்றாங்க. அப்புறம் அவங்க இடத்தில் உட்கார்ந்து, அந்த வட்டத்தின் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கினாங்க. அதுதான் சரியாக இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

7

இதெல்லாம் நினைவுக்கு வந்துதான், பாப்பா படத்தை வைக்காமல் வசந்தாவுக்குப் போன் பண்ணினேன்.

“பாப்பாகிட்ட கேட்டியாம்மா, ஃபோட்டோ போடலாமான்னு?”

“அவளை இன்னாத்த கேக்கறது? சின்னப் பொண்ணு. நீ இன்னா திடீர்னு?”

“போனை அவகிட்ட குடு.”

போன் கைமாறியது. பாப்பா ரொம்பச் சின்னக் குரலில் பேசினாள். “மாமா, பேனரு பஸ் ஸ்டாண்டாண்ட வெக்கிறாங்களாம் மாமா. எங்க ஸ்கூலு பசங்க எல்லாம் அங்கதான் பஸ் ஏறுவாங்க. வாணாம்னு அம்மாகிட்ட எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன். யாரும் காதுல வாங்கல. நீ சொல்லு மாமா.”

வசந்தா போனை வாங்கிக்கொண்டாள். “பொண்ணு சடங்குக்குப் பொண்ணு இல்லாத பேனரா? நல்லா கீதே கதை! அயர்லாந்து போயி உனக்கு மூளை உறைஞ்சி பூட்ச்சி.”

அவள் வீட்டுக்காரர் வாங்கினார். “இன்னா மச்சான், கடைசி நேரத்துல பேஜாரு பண்ற? பொண்ணு மூஞ்சில இன்னா கொறைன்னு ஊரு கேக்கும்.”

“கேட்டா தாய்மாமன் லூஸுன்னு சொல்லிடு மாப்ள. தாய்மாமன் சீர்னு ஒண்ணு கீதா இல்லியா? நான் குடுக்கிற சீர் இதான். தட்டுல வெச்சித் தூக்கியார முடியாது, அதான் போன்ல குடுக்கிறேன்.”

அந்தப் பக்கம் வசந்தாவின் குரல் தூரத்தில் கேட்டது. “ஏன்டி, எங்கிட்ட இவ்ளோ அழுத்திச் சொல்லலியே நீ?” “சொன்னேன்மா.” மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சரி மச்சான். உன் மூஞ்சியவாவது பெருசாப் போடு.”

போட்டேன். மீசையோடு, கைகூப்பிக்கொண்டு. சித்தப்பா, பெரியப்பா, சிநேகிதர்கள், ஆசைப்பட்டவர்கள் அத்தனை பேரையும் சுற்றிலும் நெருக்கி வைத்தேன், கோபுரம் மாதிரி. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். உள்ளே ஒன்றும் இல்லை. ஓரக் கோட்டை மெலிதாக வைத்தேன்.

விழா அன்றைக்கு வசந்தா பேனரைப் படம் எடுத்து அனுப்பினாள். யாரோ ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “மஞ்ச கலரு நல்லா எடுப்பா கீது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாராம்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு படம் வந்தது, பாப்பாவே அனுப்பினது. தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: ‘மாமா, இது உனக்கு மட்டும்.’

சோபாவில் படுத்திருந்த என் மகள் எட்டிப் பார்த்தாள். “யாரு, அத்தை பொண்ணா? காட்டு டாட்.”

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“இரு. அவளைக் கேட்டுட்டுக் காட்டறேன்.”